வாயில் வைக்க ஒரு வாயில்



புதுவீடு கட்டுவோர் சுவர் எழும்பும்போதே நிலையையும் வைத்துவிடுவர். ஆனால், சுவர் முழுவதும் எழுந்து, குடியேறி, அடுப்பும் எரியத் தொடங்கிய பின்னர், அதே சுவரில் நாள்தோறும் புதிய நிலைகளை வைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றால் என்ன செய்வது? சுவர் இடியலாகாது. அடுப்பு அணையலாகாது. உள்ளிருக்கும் பொருள் ஒன்றும் வெளியே சிந்தலாகாது. நிலை செய்யும் தச்சுப் பட்டறையோ வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது. இத்தனை நிபந்தனைகளையும் ஒரு கொத்தனாரிடம் சொன்னால், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். எனினும் இந்த வேலை நம் உடம்பில், முதிர்ந்த சிவப்பணுக்கள் நீங்கலாக ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும், ஓசையின்றி நடைபெற்று வருகிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதில் ஏவலாள் ஒருவர் குறைந்தால் ஒரு குடும்பத்தில் என்ன நேரும் என்பதையும் இவ்விதழில் காண்போம்.

இரட்டைச் சுவர் வீடு

உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் உள்ளன. நாம் உண்ணும் உணவின் சத்தையும் நாம் இழுக்கும் மூச்சின் ஆக்சிஜனையும் கொண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை ஆக்கித் தருவது இவற்றின் தலையாய பணியாகும். செலவான ஏ.டி.பி. அழிந்து போவதில்லை. அது ஏ.டி.பி.யில் ஒரு பாஸ்பேட் குறைந்த ஏ.டி.பி.யின் எச்சமாக மாறி, மீண்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வந்து புதுப்பிக்கப்படுகிறது. இவ்வாறு ஒரு நாளில் ஒருவர் உடம்பில் புதுப்பிக்கப்படும் ஏ.டி.பி.யை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அது ஏறத்தாழ அவருடைய உடல் எடைக்கே நிகராகும். அவ்வளவு பொருளும் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வேண்டுமல்லவா?

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு மிகக் கண்டிப்பானது. தனக்கென அமைந்த கடத்திகளின் வழியே அன்றி எதையும் விடாது. வெளிச்சவ்வு அப்படியன்று. அதில் எண்ணற்ற வாயில்கள் திறந்துள்ளன. ஒவ்வொரு வாயிலும் ஒரு புரத மூலக்கூறே ஆகும். 1976ஆம் ஆண்டில் ஷைன், கொலம்பினி, ஃபிங்கல்ஸ்டைன் என்னும் மூவர், பரமேசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இவ்வாயிற் புரதத்தை எடுத்து, செயற்கைச் சவ்வு ஒன்றில் பதித்து, அதன் வழியே மின்னோட்டம் பாய்வதைக் கண்டனர். அறிவியலார் இதனைச் சுருக்கமாக வி.டி.ஏ.சி. என்பர். மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் திறப்பை மாற்றிக்கொள்ளும் எதிர்மின் அயனிக் கால்வாய் என்பது அப்பெயரின் பொருள்.

பாய் சுருண்டு குழாயாகிறது

இவ்வாயிலின் வடிவத்தை 2008ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுவினர் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். அதை மனக்கண்ணில் காண, ஒரு கோரைப்பாயை எண்ணிக்கொள்ளுங்கள். கோரைகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டுப் பாயாகின்றன. அப்பாயைச் சுருட்டி, இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டால் அது ஒரு குழாயாகிவிடும். வி.டி.ஏ.சி. அத்தகையதே. ஆனால் இங்கே கோரைகள் தனித்தனியானவை அல்ல. அமினோ அமிலங்கள் கோத்த ஒரே நூல், மேலும் கீழுமாக மடிந்து மடிந்து 19 இழைகளாக நிற்கிறது. மனித உடம்பில் இந்நூலின் நீளம் 283 அமினோ அமிலங்கள். இழைகள் வளைந்து, முதல் இழையும் கடைசி இழையும் கைகோத்ததும் பீப்பாய் போன்ற வடிவம் உண்டாகிறது.

பீப்பாயின் வெளிப்புறம் எண்ணெய்த் தன்மை உடையது. ஆகவே கொழுப்பாலான சவ்வோடு ஒட்டி நிற்கும். உட்புறம் நீரோடு இணங்கும் தன்மை உடையது. ஆகவே நீரில் கரைந்த பொருள்கள் அதன் வழியே செல்லும். இவ்வமைப்பில்தான் சிக்கலும் இருக்கிறது. குழாயாகச் சுருண்டு முடிந்த பின்னர் இது சவ்வில் அழகாக அமர்ந்திருக்கும். சுருளாத நிலையிலோ, எண்ணெய்த் தன்மை உள்ள பகுதிகள் நீரில் வெளிப்பட்டு, கண்டதோடு ஒட்டிக்கொண்டு, கட்டிகட்டியாகத் திரண்டு கெட்டுவிடும். ஓரங்கள் சேராத அரைகுறைப் பாயாகச் சவ்வுக்குள் நுழையவும் இயலாது. சவ்வின் எண்ணெய்ச் சூழலில் அத்திறந்த ஓரங்களுக்குப் பிடிப்பு இல்லை. ஆக, இந்நூலுக்கு வழித்துணையும் வேண்டும். சுருட்டித் தைப்பாரும் வேண்டும்.

தெருவிலிருந்து உள்ளே

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகச் சிறிதளவு மரபுப் பொருள் உண்டு. மனிதரில் அதிலுள்ள மரபணுக்கள் 37. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் வெறும் 13 எனக் கணக்கிட்டுள்ளனர். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் பணிபுரியும் புரத வகைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. எஞ்சியவை அனைத்தும் உட்கருவிலுள்ள மரபணுக்களின்படி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, உயிரணுவின் நீர்மப் பகுதியில் செய்யப்பட்டு இறக்குமதி ஆகின்றன. வாயிற் புரதங்களும் அவ்வாறே வருகின்றன.

வெளியே எத்தனையோ இடங்கள் இருக்க, ஒரு புரதம் தான் சேரவேண்டிய இடத்தை எப்படி அறிகிறது? புரதங்கள் தம் முகவரியைத் தம்முள்ளேயே தாங்கி நிற்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகவே குந்தர் புளோபெல் 1999ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குச் செல்லும் புரதங்களுட் பலவற்றுக்குத் தலைப்பில் ஒரு முகவரித் துண்டு இருக்கும். உள்ளே சேர்ந்ததும் அது வெட்டி எறியப்படும். வாயிற் புரதத்துக்கு அத்தகைய துண்டு இல்லை. அதன் இழைகள் இரண்டு கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும் அவ்வடிவமே அதன் முகவரி என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இனி அதன் பயணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: பட்டறையில் உருவான நூலைத் துணைப் புரதங்கள் தாங்கிக்கொள்கின்றன. அவை அதனைத் திரளவிடாமல் காத்து மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவர்வரை அழைத்து வருகின்றன.

இரண்டாம் படி: வெளிச்சவ்வில் டாம் என்னும் தலைவாசல் இருக்கிறது. பல புரதங்கள் கூடிய பொறி இது. அதில் டாம்-20 முதலியன முகவரி பார்க்கும் காவலர்கள். டாம்-40 என்பதே நடுவிலுள்ள துளை. முகவரி சரியாயின், நூல் அத்துளை வழியே உள்ளே இழுக்கப்படுகிறது.

மூன்றாம் படி: இரு சவ்வுகளுக்கும் இடையே ஒடுங்கிய நடை ஒன்று உண்டு. அங்கே சிறு டிம் எனப்படும் சுமைகாரர்கள் காத்திருக்கின்றனர். டிம்-9 மூன்றும் டிம்-10 மூன்றும் கைகோத்து அறுவர் வளையமாக நிற்கின்றன. டிம்-8, டிம்-13 ஆகியவையும் அவ்வாறே கூட்டுச் சேர்கின்றன. இவை நூலின் எண்ணெய்ப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு, திரளாமல் நடையைக் கடத்தி விடுகின்றன.

நான்காம் படி: உள்ளே வந்த நூல் மேலும் உள்ளே செல்வதில்லை. திரும்புகிறது! எந்தச் சுவரைக் கடந்து வந்ததோ அதே வெளிச்சுவரை நோக்கி, இம்முறை உட்புறத்திலிருந்து வருகிறது. அங்கே சாம் என்னும் பொறி இருக்கிறது. அதன் நடுநாயகம் சாம்-50. இதுவும் 16 இழைகள் கொண்ட ஒரு பீப்பாயே. வாயிற் புரதத்தின் கடைசி இழையில் ஓர் அடையாளக் குறி உண்டு. சாம் அக்குறியைக் கண்டதும் தன் பீப்பாயின் முதல் இழைக்கும் பதினாறாம் இழைக்கும் இடையே உள்ள தையலைப் பிரித்து, பக்கவாட்டில் திறக்கிறது. குறி தாங்கிய இழை சாமின் முதல் இழையோடு சேர்கிறது. அதனையடுத்துப் பிற இழைகள் ஒவ்வொன்றாக நுழைந்து பாயாக அடுக்குகின்றன. பாய் நிறைவுற்று ஓரங்கள் கூடியதும், முழுக் குழாய் சாமை விட்டு விலகிச் சவ்வில் அமர்கிறது. இப்பக்கவாட்டுக் கதவு மெய்யாகவே திறக்கிறது என்பதை 2018ஆம் ஆண்டில் ஈஸ்ட்டைக் கொண்டு செய்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

இத்தனை சுற்றுவழி எதற்கு?

வெளிச்சுவரில் வைக்கவேண்டிய நிலையைத் தெருவிலிருந்தே வைத்துவிட்டுப் போகலாமே! உள்ளே கொண்டு சென்று, நடையைக் கடத்தி, பின்னர் உள்ளிருந்து வைப்பானேன்? ஒற்றை முளைபோல் சவ்வில் நிற்கும் எளிய புரதங்கள் சில வெளியிலிருந்தே செருகப்படுவதும் உண்டு. பீப்பாய்களுக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்?

இக்கேள்விக்கு விடை மைட்டோகாண்ட்ரியாவின் பூர்விகத்தில் இருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியா வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்து மைட்டோகாண்ட்ரியா ஆயிற்று என்பது இன்று அறிவியலார் ஏற்றுக்கொண்ட கொள்கை. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இக்கொள்கைக்குப் புத்துயிர் ஊட்டியது. பாக்டீரியாக்களுள் ஒரு பெரும் பிரிவுக்கு இன்றும் இரண்டு சவ்வுகள் உண்டு. அவற்றின் வெளிச்சவ்விலும் பீப்பாய் வாயில்கள் உண்டு. ஆனால் பாக்டீரியாவுக்குத் தச்சுப் பட்டறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வாயிற் புரதம் உள்ளே செய்யப்பட்டு, உட்சவ்வைக் கடந்து, நடையைக் கடந்து, வெளிச்சவ்வில் உட்புறத்திலிருந்தே வைக்கப்படுகிறது. அங்கே அது சுற்றுவழியன்று, நேர்வழி.

2003ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவில், வாயில்களை வெளிச்சவ்வில் பொருத்தும் புரதத்தைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியாவில் சாம்-50ஐக் கண்டறிந்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தெளிவாயிற்று. குடிபெயர்ந்தபின் பட்டறை தெருவுக்குப் போய்விட்டது. நிலை வைக்கும் தச்சரோ உட்புறம் நோக்கியே நின்றுவிட்டார். ஆகவே தெருவில் செய்த பொருளை அவரிடம் கொண்டு சேர்க்கத் தலைவாசல் ஒன்று புதிதாக வேண்டியதாயிற்று.

இது வெறும் ஊகமன்று, சோதித்துப் பார்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் ஜெர்மானிய, நெதர்லாந்து ஆய்வாளர்கள் கூடி, ஒரு பாக்டீரியாவின் வாயிற் புரதத்தை ஈஸ்ட் உயிரணுவில் உருவாகச் செய்தனர். ஈஸ்ட்டுக்கு முற்றிலும் அந்நியமான அப்புரதம் நேரே மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று, டாம் வழியே நுழைந்து, சாமின் துணையால் வெளிச்சவ்வில் முறையாக அமர்ந்தது. அடுத்த ஆண்டில் எதிர்ச்சோதனையும் வெளிவந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் வாயிற் புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாகச் செய்தபோது, பாக்டீரியாவின் தச்சரும் அதனைத் தம் சுவரில் பொருத்தினார். இத்தனை நெடுங்காலம் பிரிந்திருந்தும் இரு வீட்டாருக்கும் ஒருவர் குறி மற்றவருக்குப் புரிகிறது.

வாயிலுக்கு முன் வாயில்

இங்கே இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். தலைவாசலின் துளையான டாம்-40 ஒரு பீப்பாய். அதுவும் 19 இழைகள் உடையது. தச்சரான சாம்-50 ஒரு பீப்பாய். இவ்விரண்டும் தெருவிலேயே செய்யப்படுகின்றன. அப்படியானால் இவற்றைச் சுவரில் வைப்பது யார்? முன்பே இருக்கும் டாம் வழியே புதிய டாம்-40 உள்ளே வருகிறது. முன்பே இருக்கும் சாம் அதைப் பொருத்துகிறது. புதிய சாம்-50ஐப் பொருத்துவதும் பழைய சாமே. வாயில் வைக்க ஒரு வாயில் முன்பே இருந்தாக வேண்டும்.

ஆகவே எந்த உயிரணுவாலும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றை வெறுங்கையோடு புதிதாகக் கட்டிவிட முடியாது. மரபணுக்களில் எழுதியுள்ள குறிப்பு முழுமையாக இருந்தாலும் போதாது. வழிவழியாக வந்த ஒரு சுவரும், அதில் முன்னோர் வைத்த ஒரு வாயிலும் கையில் இருக்க வேண்டும். இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வளர்ந்து பிரிவதாலேயே புதியது உண்டாகிறது. உங்கள் உடம்பிலுள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் உங்கள் உம்மாவின் கருமுட்டையில் இருந்தவற்றின் வழிவந்தவை. அவருடையவை அவருடைய உம்மாவிடமிருந்து வந்தவை. இச்சங்கிலி எங்கும் அறுபட்டதில்லை.

இப்பணியின் இன்றியமையாமையை ஈஸ்ட் ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. வி.டி.ஏ.சி. வாயில் இல்லாமற் செய்தாலும் ஈஸ்ட் நலிந்தேனும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் டாம்-40 அல்லது சாம்-50 இல்லையேல் அது மடிந்துவிடுகிறது. ஒரு வாயிலை இழந்த வீடு தாங்கும். வாயில் வைக்கும் தொழிலையே இழந்த வீடு தாங்காது.

ஒரு சுமைகாரர் குறைந்தால்

நடையில் நின்ற சுமைகாரர்களை நினைவிற் கொள்ளுங்கள். ஈஸ்ட்டில் டிம்-9, டிம்-10 ஆகியவை இன்றி உயிரில்லை. டிம்-8 இல்லாமற் போனாலோ ஈஸ்ட் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் மனிதர் நிலை வேறு.

1960ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர்கள், ஆண் பிள்ளைகள் மட்டும் செவித்திறன் இழந்துவந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். 1995ஆம் ஆண்டில் அதே குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தபோது, அது வெறும் செவிட்டுத் தன்மை அன்று என்பது தெரியவந்தது. குழந்தைப் பருவத்தில் செவி மங்குகிறது. பின்னர் தசைகள் தம் விருப்பமின்றி முறுக்கிக்கொள்ளும் கோளாறு தோன்றுகிறது. வயது ஏற ஏறப் பார்வையும் அறிவுத்திறனும் குறைகின்றன. மோர்-டிரானெப்யேர்க் நோய் என்று இதற்குப் பெயர். 1996ஆம் ஆண்டில் இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. 1999ஆம் ஆண்டில் அம்மரபணு எழுதும் புரதம் ஈஸ்ட்டின் டிம்-8க்கு உறவு என்பது விளங்கியது. நடையில் நிற்கும் ஒரு சிறு சுமைகாரர் இல்லாததே அக்குடும்பத்தின் துயரத்துக்கு வேர்!

அச்சுமைகாரர் இன்மையால் நரம்பணுவில் எது கெடுகிறது? 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, மனித நரம்பணு வகையில் இப்புரதம் மூச்சாற்றல் பொறிகளுள் நான்காவதைக் கோப்பதற்குத் துணைபுரிகிறது என்று காட்டியது. ஈஸ்ட்டில் சுமை தூக்கியவர் மனித நரம்பணுவில் வேறொரு வேலைக்கும் பொறுப்பேற்றிருக்கிறார். ஒரே ஏவலாள் வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு பணி செய்வது போன்றது இது.

இந்நோய் மிக அரிதானது. பிள்ளைகளுக்கு ஏற்படும் செவிக்குறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு. ஆகவே வாசகர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் ஒரே தாய்வழியில் ஆண் பிள்ளைகள் பலர் சிறுவயதில் செவித்திறன் இழந்திருந்தால், மரபியல் மருத்துவரை நாடுவது நலம். இந்நோயில் பழுது பெரும்பாலும் செவி நரம்பில் இருப்பதால், செவிக்குள் கருவி பொருத்தும் முடிவை எடுக்கும் முன்னர் காரணம் தெரிந்திருப்பது பயன் தரும். பக்கத்து மரபணுவும் சேர்ந்து அழிந்திருந்தால் அப்பிள்ளைக்கு நோய் எதிர்ப்பாற்றலும் குன்றியிருக்கும்; அதற்கு மருத்துவம் உண்டு. ஆகவே காலத்தே அறிதல் உயிர் காக்கும்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். எக்ஸ் குரோமோசோமில் இக்குறையைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தாய்க்கோ பெரும்பாலும் குறை ஏதும் வெளித்தெரியாது. சிலவேளை குறை புதிதாகவே தோன்றுவதும் உண்டு. கண்ணுக்கும் எட்டாத ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதற்கு அவர் என்ன செய்வார்? ஆயினும் குறையுள்ள பிள்ளை பிறந்துவிட்டால், "உன் வயிற்றில் பிறந்ததால்தான்" என்று மருமகளை நோக்கிச் சொல் எறியும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. அச்சொல்லுக்கு அறிவியலில் இடமில்லை.

உம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது குறை மட்டுமா? அடுப்பு அணையாத வீடும், அறுபடாத சுவரும், அச்சுவரில் முன்னோர் வைத்த வாயிலும் அவரிடமிருந்தே வருகின்றன. அந்த வாயில் இருந்ததால்தான் நம் உடம்பில் இன்றைய வாயில்களும் வைக்கப்படுகின்றன. இதனை அறிந்த பின்னராவது அந்தப் பழிச்சொல்லை நாம் கைவிடுவோமாக!